சனிக்கிழமை ஆட்டமும் தொழிலாளர் உரிமையும்: இங்கிலாந்துக் காற்பந்து ஊதியப் போராட்டத்தில் இரசிகர்களின் கவலை (1901 – 1963)

முன்னுரை

ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நிகழுமாயின் அதனால் இழப்புறுவோர் யாவர் என்பதை எளிதில் கணக்கிட்டுவிடலாம். முதலாளி இலாபத்தை இழக்கிறார். தொழிலாளி கூலியை இழக்கிறார். பொருளை வாங்குவோர் அடுத்த கடைக்குச் செல்கின்றனர். விளையாட்டு தொழிலாக மாறிய இடத்தில் இக்கணக்குப் பொருந்துவதில்லை. தம் ஊர்க் குழு திடலில் இறங்காத நாளில் பக்கத்து ஊர்க் குழுவின் ஆட்டத்தைப் பார்த்து மனநிறைவு கொள்ளும் இரசிகர் அரியர். அவருக்கு அடுத்த கடை என்று ஒன்று இல்லை. வழக்கில் அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். ஆயினும் இருதரப்பினரும் அவர் பெயரைச் சொல்லியே வாதிடுவர்.

தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இந்த மூன்றாம் தரப்பினரைப் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. விளையாட்டு வரலாற்றை எழுதுவோரோ இரசிகரை ஆரவாரம் செய்யும் கூட்டமாக மட்டுமே காட்டிச் செல்வர். 1961ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இங்கிலாந்தில் நிகழவிருந்து மூன்று நாள்களுக்கு முன் தவிர்க்கப்பட்ட காற்பந்தாட்டக்காரர் வேலைநிறுத்தத்தை மையமாகக் கொண்டு, இரசிகர்கள் எவற்றை அஞ்சினர், அவ்வச்சம் யாருக்குப் பயன்பட்டது, எந்த அளவு மெய்யாயிற்று என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். வார இறுதி இரவுகளில் இங்கிலாந்துக் குழுக்களின் ஆட்டத்திற்காகக் கண்விழிக்கும் வழக்கம் மலேசிய, சிங்கை இல்லங்களில் வேரூன்றிய ஒன்று. அந்த ஆட்டங்களுக்குப் பின்னால் உள்ள கூலி வரலாறு நம்மவரிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

நான்கு பவுண்டும் முடிவற்ற பிணைப்பும்

இங்கிலாந்தில் பணம் பெற்றுக் காற்பந்து ஆடுவது 1885இல் முறைப்படி ஏற்கப்பட்டது. 1888இல் பன்னிரண்டு குழுக்களைக் கொண்டு காற்பந்து லீக் தோன்றியது. இக்குழுக்களிற் பெரும்பாலானவை நெசவாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்த வட, நடு இங்கிலாந்து ஊர்களைச் சேர்ந்தவை. சனிக்கிழமை நண்பகலோடு வேலை முடிந்ததும் ஆலைத் தொழிலாளர் நேரே திடலுக்குச் சென்றனர். ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதை இவ்வாய்வில் மறவாதிருத்தல் வேண்டும்.

1901இல் ஆட்டக்காரரின் ஊதியத்திற்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வாரத்திற்கு நான்கு பவுண்டுக்கு மேல் எவருக்கும் கொடுத்தல் கூடாது என்பது விதி. அதனினும் வலியது 'தக்கவைத்தல் – மாற்றுதல்' எனப்பட்ட முறை. ஆட்டக்காரர் தம் குழுவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஓராண்டுக்கே உரியது. ஆனால், அவருடைய பதிவு குழுவின் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவரைத் தக்கவைத்துக் கொள்வதாகக் குழு அறிவித்துவிட்டால், அக்குழுவின் ஒப்புதலின்றி லீகின் வேறெந்தக் குழுவுக்கும் அவர் ஆட முடியாது. ஒப்பந்தத்திற்கு எல்லை உண்டு. பிணைப்புக்கு எல்லை இல்லை.

இதைப் படிக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறை நம் நினைவுக்கு வருவது இயல்பே. தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் அவரை விடுவிக்கத் தடையில்லை என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அச்சீட்டின்றி அடுத்த தோட்டத்தில் வேலை கிட்டாது. கங்காணியின் பற்றேடு ஒரு புறம், துரையின் துண்டு மறுபுறம் என இரண்டுக்கும் இடையில் கட்டுண்டு கிடந்தனர் நம் முன்னோர். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் கூடாது. இங்கிலாந்து ஆட்டக்காரருக்குக் கடன் இல்லை, பட்டினி இல்லை, காற்பந்தை விட்டு வேறு தொழிலுக்குச் செல்ல எந்தத் தடையும் இல்லை. எனினும், ஒருவர் தம் கைத்தொழிலை எங்குச் செய்வது என்பதைப் பழைய முதலாளியின் தாள் ஒன்று முடிவு செய்தது என்னும் அளவில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்விதிகளுக்கு லீக் கூறிய காரணம் இரசிகரைச் சார்ந்தது என்பது நோக்கத்தக்கது. ஊதியத்திற்கு வரம்பு இல்லையேல் பெருநகரக் குழுக்கள் சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடும். சிற்றூர்க் குழுக்கள் அழியும். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைக் காண எவரும் வரமாட்டார் என்பதே அவ்வாதம். இதனைப் பொய் எனத் தள்ளிவிட இயலாது. பிளாக்பூல், பிரஸ்டன், போல்டன், பர்ன்லி போன்ற லங்காஷயர் ஊர்கள் அரை நூற்றாண்டுக் காலம் இலண்டன் குழுக்களுக்கு ஈடுகொடுத்து நின்றதற்கு அவ்விதிகளும் ஒரு காரணமே. ஆனால், ஊரின் பெருமைக்கான செலவு ஒருவருடைய பையிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டது. அவர் திடலில் ஓடியவர்.

1909: விலக்கப்பட்டோர்

1907 டிசம்பரில் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர் சங்கம் உருவாயிற்று. பில்லி மெரிடித், சார்லி ராபர்ட்ஸ் ஆகிய மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் அதன் முன்னோடிகள். தொடக்கத்தில் அதனைப் பொறுத்துக்கொண்ட காற்பந்துச் சங்கம், அது தொழிற்சங்கப் பொதுக் கூட்டமைப்பில் இணையப் போவதை அறிந்ததும் சினங்கொண்டது. ஏனைய தொழிலாளர்க்காகக் காற்பந்தாட்டக்காரரும் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்னும் அச்சமே காரணம். 1909 ஜூலை முதல் நாளுக்குள் சங்கத்தை விட்டு விலகாதவர் பதிவை இழப்பர் என ஆணை பிறந்தது.

நாடெங்கும் ஆட்டக்காரர்கள் பணிந்தபோது மான்செஸ்டர் யுனைடெட் குழுவினர் பணியவில்லை. அவர்கள் அவ்வாண்டுதான் காற்பந்துச் சங்கக் கிண்ணத்தை வென்றிருந்தனர். சொந்தத் திடல் மறுக்கப்பட்டதால் ஃபாலோஃபீல்டு என்னும் இடத்தில் தாமாகவே பயிற்சி மேற்கொண்டனர். 'விலக்கப்பட்டோர் காற்பந்துக் குழு, 1909' என்று எழுதிய பலகையை முன்னே வைத்து அவர்கள் எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. புதிய பருவம் தொடங்குவதற்கு முந்திய நாளில்தான் உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் ஏற்கப்பட்டது, ஆயினும், பின்னர்க் கூட்டமைப்பை விட்டு விலக நேர்ந்தது. உச்சவரம்பும் பிணைப்பும் அப்படியே நீடித்தன.

இந்நிகழ்ச்சியில் இரசிகரின் கருத்து யாது? அதனை அறிய நமக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகக் குறைவு. இரசிகர் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. கூட்டக் குறிப்பு எழுதுவதில்லை. அவர் மனத்தை நுழைவாயில் எண்ணிக்கையிலிருந்தே படித்தறிய வேண்டியுள்ளது. 1909இல் ஓர் ஆட்டமும் நின்றுபோகாமையால் அந்த ஏடும் நமக்கு வெற்றேடாகவே உள்ளது. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சிக்கல் மீண்டும் எழுந்தபோது நிலைமை வேறாக இருந்தது.

இருபது பவுண்டு

இரண்டாம் உலகப் போருக்குப்பின் திடல்கள் நிரம்பி வழிந்தன. 1948–49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் கண்டோர் தொகை நான்கு கோடியே பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேர் தந்த நுழைவுக் கட்டணத்தில் ஆட்டக்காரரின் பங்கு மிகச் சிறிது. 1958இல் உச்ச ஊதியம் பருவக் காலத்தில் 20 பவுண்டு, கோடையில் 17 பவுண்டு என உயர்ந்தது. அதுவும் உச்சமே தவிர எல்லாரும் பெற்றதன்று. ஆலைத் தொழிலாளரின் சராசரி வார வருவாய் 1961 அளவில் ஏறத்தாழ 15 பவுண்டாக இருந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிரஸ்டன் குழுவின் டாம் ஃபின்னி இதற்குச் சிறந்த சான்று. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகிய அவர் குழாய் பொருத்தும் தொழிலையும் விடாது செய்து வந்தார். 1952இல் இத்தாலியின் பலெர்மோ குழு அவருக்குக் கையெழுத்துத் தொகையாக மட்டும் 10,000 பவுண்டு தர முன்வந்தது. பிரஸ்டன் நிருவாகம் இசையவில்லை. அவரும் ஊரிலேயே தங்கிவிட்டார். இச்செய்தியை இரசிகர்கள் ஊர்ப்பற்றின் அடையாளமாக இன்றும் போற்றுகின்றனர். ஊர்ப்பற்று அவரிடம் இருந்தது உண்மையே. போக விரும்பியிருந்தாலும் போயிருக்க முடியாது என்பதும் உண்மை. பிணைப்பு எங்கே முடிகிறது, பற்று எங்கே தொடங்குகிறது என்று அந்நாளைய முறை எவரையும் காண விட்டதில்லை.

1957இல் ஃபுல்ஹாம் குழுவின் ஜிம்மி ஹில் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். மறு ஆண்டு அது தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கம் எனப் பெயர் மாறியது. செயலாளர் கிளிஃப் லாய்டு சட்ட நுணுக்கங்களைக் கவனித்துக்கொள்ள, ஹில் செய்தித்தாள்களையும் தொலைக்காட்சியையும் திறம்படப் பயன்படுத்தினார். லீகின் தரப்பில் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் உறுதியாக நின்றார். இந்நிலையில் நியூகாசில் யுனைடெட் குழுவின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வேறு குழுவுக்குச் செல்ல வேண்டினார். குழு மறுத்தது. 1960 கோடையில் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்க மறுத்து, தென் இங்கிலாந்துக்குச் சென்று தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். நாட்டின் சிறந்த உள்முன்னணி ஆட்டக்காரருள் ஒருவர் தக்கை விற்றுத் திரிந்த செய்தி இரசிகர் மனத்தை எந்தச் சொற்பொழிவையும் விட ஆழமாகத் தொட்டிருக்க வேண்டும். அவ்வாண்டின் பிற்பகுதியில் 47,500 பவுண்டுக்கு அவர் அர்செனல் குழுவுக்கு மாற்றப்பட்டார்.

1960 நவம்பர் முதல் இலண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் நகரங்களில் ஆட்டக்காரர் கூட்டங்கள் நடந்தன. எல்லா இடத்தும் வேலைநிறுத்தத்திற்கு மிகப் பெரும்பான்மை கிட்டியது. மான்செஸ்டர் கூட்டத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒன்று பல நூல்களில் சிறுசிறு வேறுபாடுகளுடன் காணப்படுகிறது. இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தம் தந்தை சுரங்கத்தில் உழைத்து இருபது பவுண்டுக்கும் குறைவாகவே பெறுகிறார். ஆகவே நமக்கு இதுவே போதும் என்னும் கருத்துப்படப் பேசினார். போல்டன் குழுவின் டாமி பேங்க்ஸ் அவருக்கு விடையளித்தார். பேங்க்ஸும் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவரே. சுரங்க வேலையைத் தம்மால் செய்ய முடியும். ஆனால், முப்பதாயிரம் பேர் பார்க்க ஸ்டான்லி மேத்யூஸைத் தடுத்தாடும் வேலையை உன் தந்தையால் செய்ய முடியுமா என்பதே அவர் கேட்டதன் சாரம்.

இக்கதையை நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்து விடுவர். நமக்கு இதில் முதன்மையானவர் பேங்க்ஸ் அல்லர். பேசாது வீட்டில் இருந்த அந்தத் தந்தையே. அவர்தான் இரசிகர். தம்மைப் போன்ற கைகளிலிருந்து தம்மினும் மிகுதியாகப் பொருளீட்டுவோரை அவர் பார்க்கிறார். பொறாமையும் பெருமிதமும் அவரிடம் ஒருங்கே இருந்தன. மகனின் வாயிலாக அவர் கூட்டத்திற்குள் நுழைந்து, தம் ஐயத்தைச் சொல்லிவிட்டுச் சென்றார் எனலாம்.

இரசிகர் எவற்றை அஞ்சினர்?

வேலைநிறுத்தம் 1961 ஜனவரி 21, சனிக்கிழமை என அறிவிக்கப்பட்டதும் முதலில் எழுந்த கவலை மிக எளியது: அந்தச் சனிக்கிழமையை என்ன செய்வது? வாரம் முழுவதும் எந்திர ஓசைக்கு நடுவே நின்றவருக்கு அப்பிற்பகல் வெறும் பொழுதுபோக்கு அன்று. உடன் பிறந்தாரையும் பழைய நண்பரையும் சந்திக்கும் இடம் அது. மகனை முதன்முதலாக அழைத்துச் செல்லும் இடமும் அதுவே. காற்பந்துப் பந்தயச் சீட்டை வாரந்தோறும் நிரப்பி வந்த பல இலட்சம் குடும்பங்களுக்கும் ஆட்டம் நடந்தாக வேண்டும். ஆட்ட அட்டவணையின் பதிப்புரிமை லீகுக்கே உரியது என்று 1959இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பந்தய நிறுவனங்கள் லீகுக்கும் பணம் செலுத்தி வந்தன. ஆகவே, ஓர் ஆட்டம் நின்றால் திடலுக்குச் செல்லாதவர் வீட்டிலும் அதன் அதிர்வு உணரப்படும்.

லீக் இதற்கு ஒரு வழி கண்டது. சனிக்கிழமை ஆட்டங்களை முதல் நாளான வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்று திட்டமிட்டது. வேலைநிறுத்தம் தொடங்குமுன் ஆட்டத்தை முடித்துவிடும் தந்திரம் இது. ஆனால், வெள்ளிக்கிழமை தொழிலாளர்க்கு வேலை நாள். எல்லாத் திடல்களிலும் மின்னொளி இல்லாத அக்காலத்தில், குளிர்காலப் பொழுது சாயும் முன் ஆடி முடிக்க வேண்டுமாயின் கூலியை இழந்தே இரசிகர் வர வேண்டும். இரசிகரின் நலன் கருதி நிற்பதாகச் சொன்ன அமைப்பு, நெருக்கடி வந்ததும் இரசிகரே வர இயலாத நாளைத் தேர்ந்தெடுத்ததை என்னவென்பது!

இரண்டாவது கவலை சற்றுச் சிக்கலானது. பிரித்தானியத் தொழிற்சங்கப் பேரவை ஆட்டக்காரர் பக்கம் நின்றது. சங்கத்தவர் விலகி நிற்க, வேறு ஆள்களைக் கொண்டு லீக் ஆட்டம் நடத்துமாயின், பணம் கொடுத்து உள்ளே செல்வது வேலைநிறுத்தத்தை முறிப்பதற்கு ஒப்பாகும். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் சங்க அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர் சனிக்கிழமை மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வர முடியுமா? இரசிகரின் கவலை என்பதை ஆட்டம் பற்றிய ஏக்கமாக மட்டும் காண்போர் இவ்விரட்டை நிலையைத் தவறவிடுகின்றனர். அவர் ஒரே நேரத்தில் நுகர்வோராகவும் தொழிலாளராகவும் நின்றார். ஒரு மனம் ஆட்டத்தைக் கேட்டது. மற்றொரு மனம் நியாயத்தைக் கேட்டது.

மூன்றாவது, ஊர் பற்றிய அச்சம். உச்சவரம்பு நீங்கினால் தம் குழு என்னவாகும்? 1959–60 பருவத்தில் லீகின் வாகையர் பர்ன்லி. ஏறத்தாழ எண்பதாயிரம் பேரே வாழ்ந்த ஆலை நகரம் அது. இப்படிப்பட்ட ஊர் இனி எக்காலத்தும் முதலிடம் பெறாது என்று அஞ்சியவரை அறியாமையுடையவர் எனக் கூற முடியாது. அதற்கு முன்பே கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சியும் மகிழுந்தும் பிற பொழுதுபோக்குகளும் மக்களை வேறு திசைக்கு இழுத்தன. 1960–61 பருவத்தில் பார்வையாளர் தொகை இரண்டு கோடியே எண்பத்தாறு இலட்சமாகச் சுருங்கியது.

ஜனவரி 9ஆம் நாள் லீக் குழுக்கள் கூடி உச்சவரம்பை நீக்க இசைந்தன; தக்கவைக்கும் உரிமையை மட்டும் விட மறுத்தன. பணத்தை விட்டுக்கொடுத்தாலும் பிணைப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை. சங்கம் உறுதியாக நின்றது. தொழிலமைச்சர் ஜான் ஹேர் இடையிட்டுப் பேச்சு நடத்த, ஜனவரி 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. சனிக்கிழமை ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பின்னர்க் குழுக்கள் பிணைப்பு பற்றிய வாக்கிலிருந்து பின்வாங்கின. அதைத் தீர்க்க நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று.

சோதனை நிகழ்ந்த இடம்: அமெரிக்கா, 1987

வேலைநிறுத்தம் தவிர்க்கப்பட்டதால், மாற்று ஆள்கள் ஆடியிருந்தால் இரசிகர் திடலுக்குச் சென்றிருப்பரா என்னும் வினாவுக்கு இங்கிலாந்து வரலாற்றில் விடை இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அச்சோதனை நிகழ்ந்தது. அங்கு ஆடப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு காற்பந்து எனினும், சிக்கல் ஒன்றே. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பும் குழுவுக்குச் செல்லும் உரிமையையே அவர்தம் சங்கம் 1987இல் முதன்மையாகக் கோரியது.

1982இல் 57 நாள் வேலைநிறுத்தத்தால் பதினாறு ஆட்டப் பருவம் ஒன்பதாகச் சுருங்கிய கசப்பை உரிமையாளர்கள் மறக்கவில்லை. ஆகவே 1987 செப்டம்பர் 22இல் ஆட்டக்காரர் வெளியேறியதும், ஒரு வார ஆட்டத்தை மட்டும் கைவிட்டு, அடுத்த மூன்று வாரங்கள் மாற்று ஆள்களைக் கொண்டு நடத்தினர். அவற்றின் முடிவுகள் பருவக் கணக்கிலும் சேர்க்கப்பட்டன.

நுழைவாயில் ஏடு இம்முறை வெற்றேடாக இல்லை. தொழிற்சங்கப் பற்று மிக்க பிலடெல்பியாவில் அக்டோபர் 4ஆம் நாள் சரக்குந்து ஓட்டுநர் முதலான பிற தொழிற்சங்கத்தினரும் ஆட்டக்காரரோடு சேர்ந்து வாயிலை மறித்தனர். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கில் உள்ளே சென்றவர் 4,074 பேர். ஆனால், டல்லாஸ் நகரில் அக்டோபர் 19ஆம் நாள் நடந்த ஆட்டத்திற்கு அறுபதாயிரம் பேர் திரண்டனர். வேலைநிறுத்தத்தை மீறிச் சில புகழ்பெற்ற ஆட்டக்காரரும் அன்று டல்லாஸ் குழுவில் இறங்கினர். அவர்களை வென்றது வாஷிங்டன் குழு. அக்குழுவில் சங்கத்தை மீறியவர் ஒருவரும் இல்லை. அன்று அதன் சார்பில் ஆடியோர் அனைவரும் மாற்று ஆள்களே. இரசிகர் என்று ஒரே மனம் கொண்ட கூட்டம் எங்கும் இல்லை என்பதை இவ்விரு நகரங்களும் காட்டுகின்றன. பிலடெல்பியாவில் சங்க அட்டை வென்றது. டல்லாஸில் ஆட்ட ஆவல் வென்றது.

வருவாயை இழந்து, ஒற்றுமையும் குலைந்த ஆட்டக்காரர்கள் 24 நாளில் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டனர். தொலைக்காட்சிப் பணம் கிடைத்துவந்த உரிமையாளர்க்குக் காலி இருக்கைகள் பெருஞ்சுமையாக இல்லை. திடலில் கிட்டாத உரிமை நீதிமன்ற வழக்குகளின் விளைவாக 1993 உடன்பாட்டில் கிட்டியது. அதே உடன்பாட்டில் குழுவின் மொத்த ஊதியச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் ஏற்கப்பட்டது. 1901இல் இங்கிலாந்து தனியொருவர் மீது விதித்த வரம்பு இங்கே குழுவின் மீது விதிக்கப்பட்டது. தொலைக்காட்சி வருவாய் குழுக்களிடையே சமமாகவும் பகிரப்பட்டது. சிற்றூர்க் குழுவைக் காக்க ஆட்டக்காரரைக் கட்டிப்போடுவது ஒன்றே வழியன்று என்பதற்கு இது சான்று. இங்கிலாந்தில் இத்தகைய பகிர்வைப் பற்றி 1961இல் எவரும் போதிய அக்கறை காட்டவில்லை என்பதே நம் கருத்து.

மெய்யானவையும் ஆகாதவையும்

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். உச்சவரம்பு நீங்கியதும் ஃபுல்ஹாம் குழுவின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்ற முதல் ஆட்டக்காரரானார். குழுவின் தலைவரும் நகைச்சுவை நடிகருமான டாமி டிரிண்டர், விதி மட்டும் தடுக்காவிடில் அத்தொகையைத் தந்திருப்பேன் என்று முன்பே பொதுவில் சொல்லியிருந்தார். சொல்லைக் காப்பாற்றும் நிலை வந்தது.

சிற்றூர்கள் உடனே அழிந்தனவா? அடுத்த பருவமான 1961–62இன் வாகையர் இப்ஸ்விச் டவுன். ஆல்ஃப் ராம்சே பயிற்றுவித்த அக்குழு அவ்வாண்டுதான் முதற்பிரிவுக்கே ஏறியிருந்தது. அச்சம் பொய்த்தது போலத் தோன்றியது. ஆனால், அதே 1962 மார்ச்சில் அக்ரிங்டன் ஸ்டான்லி கடன் சுமை தாங்காது லீகை விட்டு விலகியது. இதனை உச்சவரம்பு நீக்கத்தின் விளைவாகக் காட்டுவோர் உளர். அக்குழுவின் கடன் அதற்கு முந்தியது என்பதால் நாம் அதனை ஏற்பதற்கில்லை. அதுபோலவே, ஃபின்னி ஓய்வுபெற்ற மறு ஆண்டில் முதற்பிரிவிலிருந்து இறங்கிய பிரஸ்டன், உச்சவரம்பு நடப்பில் இருந்த காலத்திலேயே சரியத் தொடங்கிவிட்டது. ஆயினும், அறுபது ஆண்டுகள் கழிந்தும் அது திரும்பவில்லை என்பதை எவ்வாறு விளக்குவது? 1967இல் பிளாக்பூலும் 1971இல் பர்ன்லியும் இறங்கின. லங்காஷயர் இரசிகரின் மூன்றாவது கவலை, அவர் அஞ்சிய வேகத்தில் இல்லாவிடினும், அவர் அஞ்சிய திசையிலேயே மெய்யாயிற்று.

ஈஸ்ட்ஹாமின் வழக்கு 1963 ஜூலையில் தீர்ப்புக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவரைப் பிணைத்து வைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். குழுக்களின் தரப்பு, ஆட்டத்தின் நலனையும் சிறு குழுக்களின் வாழ்வையும் எடுத்துரைத்தும் நீதிமன்றம் அவற்றைப் போதிய காரணமாக ஏற்கவில்லை. இந்தியாவின் ஜலந்தரில் 1907இல் பிறந்த இந்நீதிபதி, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல் என்பது வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று. அவர் தீர்ப்பினால் பிணைப்பு தளர்ந்ததேயன்றி முற்றும் அறுபடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் மாற்றுத் தொகை ஏதுமின்றி ஐரோப்பியக் குழுக்களிடையே செல்லும் உரிமை 1995இல் பொஸ்மன் வழக்கில்தான் உறுதியாயிற்று.

2001 நவம்பரில் அதே சங்கம், தொலைக்காட்சி வருவாயில் தன் பங்கு குறித்து மீண்டும் வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தோருள் 99 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அப்பணம் காயமுற்றோர்க்கும் ஓய்வுபெற்றோர்க்கும் கீழ்ப்பிரிவுகளில் சிறு ஊதியம் பெறுவோர்க்கும் உரிய நலத்திட்டங்களுக்கானது. ஆனால், ஒரே வாரத்தில் தம் ஓராண்டு வருவாயை ஈட்டும் நட்சத்திர ஆட்டக்காரரின் முகத்தையே இரசிகர் அதில் கண்டனர். சுரங்கத்துத் தந்தைக்கும் திடலில் ஆடும் மகனுக்கும் இடையே 1961இல் ஐந்து பவுண்டு இடைவெளி இருந்தது; இப்போது அதை அளக்க அவர்களுக்கு எண்ணே போதவில்லை. அம்மாதத்திலேயே உடன்பாடு ஏற்பட்டது. ஓர் ஆட்டமும் நிற்கவில்லை. அதற்குள், சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றிருந்த பழைய நேரம் தொலைக்காட்சியின் வசதிக்கேற்ப ஞாயிறு, திங்கள் எனச் சிதறிப் போயிருந்தது. அம்மாற்றத்திற்கு எவரும் இரசிகரின் ஒப்புதலைக் கேட்டிருக்கவில்லை.